வயதான குதிரையை மீட்கப் பணம் கொடுக்கலாமா?

24 வயதான ஒரு நொண்டிக் குதிரையின் படத்தைப் போட்டு, "48 மணி நேரத்துக்குள் பணம் சேராவிட்டால் இறைச்சிக்கூடத்துக்குப் போய்விடும்" என்று ஒரு மீட்புக் குழு நன்கொடை கேட்கிறது. கொடுக்கலாமா, இல்லை அந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்துக்குத் தருவதுதான் முறையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் தடவை படித்தபோது, உங்களை உறுத்துவது பணம் மட்டும் இல்லை என்று பட்டது. "கொடுக்காமல் விட்டால் அந்தச் சாவில் எனக்கும் பங்கு உண்டா?" என்பதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறீர்கள். கிடையாது. இருபது வருடம் அதன் முதுகில் ஏறிவிட்டு, நொண்டத் தொடங்கியதும் ஏலத்துக்கு அனுப்பினாரே, பங்கு அவருடையது. அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு மேலே படியுங்கள். குற்ற உணர்ச்சியோடு கொடுக்கும் பணம் பெரும்பாலும் தப்பான கைக்குத்தான் போகிறது.

நான் கால்நடை மருத்துவர். இருபது வருடத்துக்கு மேலாகக் குதிரைகளைத்தான் பார்த்துவருகிறேன், அதில் பெரும்பகுதி காப்பகங்களில். குதிரையின் உடம்பைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். பணத்தைப் பற்றிச் சொல்வது, காப்பகங்களின் நிர்வாகக் கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டது. எது தர்மம் என்பதில் உங்களைவிட எனக்கு அதிக உரிமை எதுவும் இல்லை. அந்த விஷயத்தில் பலமுறை தப்பாக முடிவெடுத்திருக்கிறேன், அவ்வளவுதான் என் தகுதி.

முதலில் செலவு. குதிரையை விலை கொடுத்து வாங்குவது மீட்பிலேயே மிகச் சின்னச் செலவு. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து கிலோ உலர்புல் வேண்டும். வருடத்துக்கு மூன்று, மூன்றரை டன். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஆள் வர வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவையாவது பல்லைப் பார்க்க வேண்டும், வயதானதென்றால் இரண்டு தடவை. குதிரையின் கடைவாய்ப் பல் தேயத் தேய ஈறுக்குள்ளிருந்து மேலேறி வந்துகொண்டே இருக்கும். ஒரு வயதுக்கு மேல் ஏறி வருவதற்கு உள்ளே மிச்சம் இருக்காது. அப்புறம் புல்லை மெல்ல முடியாமல் பாதி மென்ற உருண்டைகளாக வாயிலிருந்து உதிர்க்கும். அந்தக் குதிரைக்கு ஊறவைத்த தீவனத்தைக் கூழாக்கி நாளைக்கு நான்கைந்து வேளை வைக்க ஒரு ஆள் வேண்டும். இதற்கு மேல் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கோளாறு வேறு. 15 வயதைத் தாண்டிய குதிரைகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றுக்கு அது இருக்கிறது. கோடையிலும் உதிராத நீண்ட ரோமத்தைப் பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும். அதற்கான பெர்கோலைடு மாத்திரையைக் கடைசி நாள் வரை தினமும் கொடுக்க வேண்டும். 24 வயதில் வரும் குதிரை 30 வரை இருப்பது சாதாரணம். (1822-ல் இங்கிலாந்தில் செத்த ஓல்ட் பில்லி என்ற படகிழுக்கும் குதிரை 62 வருடம் வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. அதை வைத்து யாரும் திட்டம் போட வேண்டாம்.) 48 மணி நேரத்தில் திரட்டும் பணம் குதிரையை லாரியிலிருந்து இறக்கும், முதல் மாதத்தை ஓட்டும். மீதி எழுபது மாதத்துக்கு யார் கொடுப்பார் என்பதுதான் அந்தக் குழுவிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அடுத்தது, அவர்களுக்கு வேலை தெரியுமா என்பது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு காப்பகத்துக்கு எலும்பும் தோலுமாக ஒரு பெண்குதிரையைக் கொண்டுவந்தார்கள். குதிரையின் உடல்வாகை 1 முதல் 9 வரை மதிப்பிட ஹென்னகே என்பவர் 1983-ல் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு; இது 1. விலா எலும்பை எண்ணலாம், வால் எலும்பு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. இறக்கியவுடன் ஆசையாசையாக ஒரு வாளி நிறைய தானியம் வைத்திருக்கிறார்கள். நான் அடுத்த நாள்தான் போனேன். நான்காம் நாள் காலை அது விழுந்து செத்தது. பட்டினி கிடந்த உடம்பில் மாவுச்சத்து திடீரென்று புகுந்தால் இன்சுலின் எகிறும். அது இரத்தத்தில் மிச்சம் மீதி இருக்கும் பாஸ்பேட், மக்னீசியம், பொட்டாசியத்தை எல்லாம் செல்களுக்குள் இழுத்துவிடும். இதயமும் மூச்சும் தடுமாறும். பட்டினியில் சாகாத குதிரை சாப்பாட்டில் சாகும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பட்டினிக் குதிரைகளுக்கு வெவ்வேறு தீனிகளைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்ததில், மாவுச்சத்து குறைந்த, புரதமும் தாதுக்களும் நிறைந்த குதிரைமசால் (லூசர்ன் என்ற தீவனப்பயிர்) உலர்புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகக் கொடுத்து, பத்து நாளில் படிப்படியாகக் கூட்டுவது நல்லது என்று தெரிந்தது. இன்று இது பாடப்புத்தக விஷயம். ஆகவே "வந்த முதல் நாள் என்ன தீனி வைப்பீர்கள்?" என்று சும்மா கேட்டுப் பாருங்கள். "வயிறு நிறையப் போடுவோம்" என்று பதில் வந்தால் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தனிமைப்படுத்தல் பற்றியும் கேளுங்கள். ஏலக் கொட்டடியிலிருந்து வரும் குதிரை ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொண்டைக்கட்டி நோயைச் சுமந்து வரலாம். வெளியே நன்றாக இருக்கும் குதிரைகூட தொண்டைக்குப் பக்கத்திலுள்ள காற்றுப்பையில் அந்தக் கிருமியை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குப் பரப்பும். மூன்று வாரமாவது தனி இடம், தனி வாளி, தனி ஆள் வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் ஒன்றைக் காப்பாற்றப் போய் முப்பதைப் படுக்கவைத்த கதையை நேரில் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த 48 மணி நேரக் கெடு. இந்த வியாபாரம் நடக்கும் விதம் இது: தரகர் ஏலத்தில் மலிவாக, எடைக்கு எடை என்ற கணக்கில் குதிரைகளை எடுக்கிறார். சிலவற்றைப் படமெடுத்துக் கெடு வைத்து, இறைச்சி விலையைவிடக் கூடுதலாக, இரக்கப்பட்டவர்களிடம் விற்கிறார். அந்தப் பணத்தோடு அடுத்த வாரம் மறுபடியும் ஏலத்துக்குப் போகிறார். இறைச்சிக்கூடத்துக்கு இத்தனை தலை அனுப்புவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தால், நீங்கள் மீட்ட குதிரையின் இடத்தில் வேறொன்று ஏறும். லாரி காலியாகப் போகாது. சில குதிரைகள் அந்த லாரியில் ஏற்றத் தகுதியே இல்லாதவை. வலிக்காகக் குதிரைகளுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் பினைல்பியூட்டசோன் மருந்து சேர்ந்த இறைச்சியை மனிதர்கள் சாப்பிடக் கூடாது என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. அந்தக் குதிரைகளுக்கும் கெடு வைத்துப் படம் போட முடிகிறது என்பதுதான் என் சந்தேகத்துக்குக் காரணம். தரகர் கைக்குப் பணம் போகிறது என்பது உறுதி. அதனால் மொத்தத்தில் கொல்லப்படும் குதிரைகளின் எண்ணிக்கை கூடுகிறதா என்பது ஊகம்தான். அதை அடித்துச் சொல்கிறவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள், நான் அந்த வாதத்தில் இறங்கவில்லை.

இந்தச் சந்தை எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு ஒரு சாட்சி மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் குதிரை இறைச்சிக்கூடங்களில் கடைசியாக மிஞ்சியிருந்தவை 2007-ல் மூடப்பட்டன. அந்நாட்டு அரசுத் தணிக்கை அலுவலகம் 2011-ல் கொடுத்த அறிக்கைப்படி, 2010-ல் கிட்டத்தட்ட 1,38,000 குதிரைகள் வெட்டுவதற்காகக் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் போயிருந்தன. மூடுவதற்கு முன்பு உள்நாட்டிலும் வெளியிலுமாக வெட்டப்பட்ட கணக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். லாரிப் பயணம் மட்டும் நீண்டுபோனது. கிழட்டுக் குதிரைகளின் நீண்ட பயணம் பழைய கொடுமை. 1911-ல் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில், பிரிட்டனில் உழைத்து ஓய்ந்த குதிரைகளைக் கப்பலிலிருந்து இறக்கி இறைச்சிக்கூடத்துக்கு நடத்திக்கொண்டு போவதை ஏடா கோல் என்ற பெண்மணி பார்த்தார். 1927-ல் அவர் தொடங்கிய அமைப்புதான் இன்றைய வேர்ல்ட் ஹார்ஸ் வெல்ஃபேர். ஒவ்வொரு குதிரையாக விலை கொடுத்து வாங்கித் தீராது என்று புரிந்துகொண்டு, ஏற்றுமதிச் சட்டத்தை மாற்றுவதற்காக அவர் போராடினார்.

ஆனால், விலை கொடுத்து வாங்கியவர்கள் எல்லாம் ஏமாளிகள் என்று சொல்லிவிட முடியாது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் பெண்மணி அதைத்தான் செய்தார். 1930-ல் கெய்ரோவுக்குப் போன டாரதி புரூக், முதல் உலகப் போரில் ஓடிய ராணுவக் குதிரைகள் போருக்குப் பின் அங்கேயே விற்கப்பட்டு, பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கல் சுமந்தும் வண்டி இழுத்தும் நடைப்பிணமாகத் திரிவதைப் பார்த்தார். 1931-ல் லண்டனின் மார்னிங் போஸ்ட் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். பணம் வந்து குவிந்தது. மூன்று வருடத்தில் உயிரோடு மிஞ்சியிருந்த 5,000 குதிரைகளை வாங்கினார். வாங்கியவற்றில் பெரும்பாலானவற்றை அவர் வலியில்லாமல் கொல்லச் செய்தார். காப்பாற்றுவதற்கென்று ஊரார் கொடுத்த பணத்தில்! ஆனாலும் அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. அவர் கடிதம் முதலிலேயே அதை மறைக்காமல் சொல்லியிருந்தது. 1934-ல் அங்கேயே வேலை செய்யும் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் இலவச மருத்துவமனை தொடங்கினார். சொந்தக்காரர் வயிற்றில் அடிக்காமல், குதிரை அந்த நிலைக்குப் போவதற்கு முன்பே வைத்தியம் பார்க்கும் வழி அது. அவர் பெயரில் இன்றும் உலகம் முழுக்க அந்த வேலை நடக்கிறது.

அதனால் "நாங்கள் எந்தக் குதிரையையும் கொல்ல மாட்டோம்" என்று பெருமையாகச் சொல்லும் காப்பகத்தைக் கண்டால் எனக்குப் பயம். குதிரை வேட்டையாடப்படும் இனம். வலியை மறைப்பது அதன் பிறவிக்குணம். வெளியே காட்டும்போது உள்ளே வெகுதூரம் போயிருக்கும். நாய் மாதிரி மூலையில் சுருண்டு படுத்துக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்ட அதனால் முடியாது. எழ முடியாமல் பல மணி நேரம் படுத்துவிட்டால் அதன் எடையே அதன் தசையை நசுக்கும். இன்னொன்று, அதற்கு நாள்காட்டி கிடையாது. "அடுத்த மாதம் சரியாகிவிடும், இன்று பொறுத்துக்கொள்" என்று அதனிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதனால் நான் பார்ப்பது சில சின்ன விஷயங்கள்: தானாகப் படுத்து எழுகிறதா, கூட்டத்தோடு நகர்கிறதா, தீனி வாளிச் சத்தத்துக்குக் காதைத் திருப்புகிறதா, போன மாதம் உருண்டு புரண்ட இடத்தில் இப்போதும் புரள்கிறதா. தினமும் தீனி வைக்கும் ஆள் என்னைவிட இதைச் சரியாகச் சொல்வார். இதில் அறுதியிட்ட எல்லைக்கோடு எதுவும் கிடையாது. ஒரே குதிரையைப் பார்த்து இரண்டு நல்ல மருத்துவர்கள் இரண்டு வாரம் முன்பின்னாக நாள் குறிப்பார்கள்.

நான் தப்பாக நாள் குறித்த குதிரை ஒன்று இன்னும் மனசில் நிற்கிறது. வெள்ளைக் குதிரை, நல்ல அழகன், படமெடுத்தால் கேமராவைப் பார்த்தே நிற்பான். அந்தக் காப்பகத்துக்கு மாதாமாதம் வரும் பணத்தில் பாதி அவன் பெயரில் வந்தது. அவன் முகம்தான் மற்ற பதினாறு குதிரைகளுக்கும் தீனி போட்டது. குளம்பழற்சி (குளம்பின் உட்திசு அழன்று, உள்ளே இருக்கும் எலும்பு பிடி தளர்ந்து கீழே இறங்கும் நோய்) முற்றி, முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றான். நவம்பரிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். புதுவருட வாழ்த்து அட்டையில் அவன் படம் போகவேண்டியிருந்தது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். வலிமருந்தைக் கூட்டினேன், குளம்புக்குப் பஞ்சு கட்டச் சொன்னேன், பிப்ரவரி வரை இழுத்தேன். அந்த மூன்று மாதம் அவனுக்காக இல்லை. பதினாறு குதிரைகளுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அந்தக் கணக்கு பொய்யும் இல்லை. நன்கொடை வரும் வழியே வைத்தியத்தை எப்படித் திசைதிருப்பும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால்தான் ஒரு குதிரையின் பெயரில் மாதச் சந்தா வாங்கும் முறையில் எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. பணம் பொதுக்கணக்கில் சேரும், அந்தக் குதிரை இறந்தால் ஒளிக்காமல் சொல்வோம் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டும். நல்ல காப்பகத்தின் கணக்கைப் பார்த்தால் அதில் சுவாரசியமே இருக்காது. சிறு தொகையாக மாதாமாதம் வரும் சந்தா, உயிலில் எழுதிவைத்த சொத்து, சில மாதத் தீனிக்கான கையிருப்பு, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற பத்திரம். ஒவ்வொரு வாரமும் ஒரு நெருக்கடியைக் காட்டிப் பணம் திரட்டும் இடத்தில் இது எதுவும் இருக்காது; அடுத்த நெருக்கடியின் பணம்தான் போன நெருக்கடியின் புல்லுக்குப் போகும். எத்தனை குதிரைகளுக்கு "இடமில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள் என்று கேளுங்கள். ஒன்றைக்கூட அனுப்பாத இடம், பத்துக்குப் போட்ட லாயத்தில் நாற்பதை அடைத்து, கடைசியில் அந்த நாற்பதையும் வேறு யாரோ மீட்கவேண்டிய நிலைக்கு வந்துவிடும். ஆரம்பித்தவர் நோயில் விழுந்தால் அடுத்து யார் என்று கேளுங்கள். நடக்கக்கூடிய குதிரைகளை நல்ல வீடுகளுக்குக் கொடுத்தாலும் உரிமையைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்களா என்றும் பாருங்கள். வைத்துக்கொண்டால்தான் அது மறுபடியும் ஏலத்துக்குப் போகாது.

பணம் யார் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், என் பதில் உங்களைப் போன்றவர்கள் கடைசி என்பதே. குதிரையால் சம்பாதித்தவர்கள் முதலில். 1986-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற ஃபெர்டினாண்ட் என்ற குதிரை, இனப்பெருக்கத்துக்காக ஜப்பானுக்குப் போய், 2002-ல் இறைச்சிக்கூடத்தில் முடிந்தது. பட்டம் வென்ற குதிரைக்கே இந்தக் கதி என்றதும்தான் பந்தய உலகம் கூச்சப்பட்டது. 2012-ல் அமெரிக்காவில் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்கென்று தரோபிரெட் ஆஃப்டர்கேர் அலையன்ஸ் என்ற அமைப்பு உருவானது. குதிரை வளர்ப்பவர்கள், உரிமையாளர்கள், பந்தயத் திடல்கள் கொடுக்கும் பணத்தைக் காப்பகங்களை நேரில் சோதித்துச் சான்று தந்த பிறகே அது பகிர்ந்தளிக்கிறது. பந்தயத்தில் ஓடாத சாதாரணக் குதிரைக்கு அப்படி ஒரு பின்புலம் இல்லை. அதன் சொந்தக்காரர் பல சமயம் கொடியவர் கிடையாது, கையில் காசில்லாதவர். கடைசி ஊசிக்கும் உடலை அப்புறப்படுத்தவும் ஆகும் செலவுக்குப் பயந்து ஏலத்தில் தள்ளிவிடுகிறார். அந்த ஊசியில் இருக்கும் பெண்டோபார்பிட்டால் மருந்தைப் போட்டுக் கொன்ற உடலை வெளியே போட்டால் தின்னும் நாயும் கழுகும் செத்துப்போகும்; ஆழமாகப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும், அதுவும் செலவுதான். அந்தச் செலவை ஏற்று, வீட்டு வாசலிலேயே இலவசமாக முடித்துக்கொடுக்கும் திட்டங்கள் சில இடங்களில் உண்டு. ஒரு குதிரையின் துன்பத்தை இவ்வளவு குறைந்த பணத்தில் இவ்வளவு குறைக்கும் வழி வேறொன்றை நான் பார்க்கவில்லை. படம் போட்டு நன்கொடை கேட்க முடியாத வேலை என்பதால் அதற்குப் பணம் வருவதும் இல்லை.

"அதே பணத்தில் பத்து உயிரைக் காப்பாற்றலாமே" என்ற உங்கள் தயக்கம் நியாயமானது. 26 வயதுக் குதிரைக்குக் குடல் அறுவை செய்யும் பணத்தில் மற்ற ஆறு குதிரைகளை வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்றால், அறுவை வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன், சொல்லியும் இருக்கிறேன். சொந்தக் குதிரையாக இருந்தால் அப்படிச் சொல்வேனா என்று தெரியாது.

இப்போது அந்தப் படம். படத்தை வைத்து நோய் சொல்வது முறையில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதுபோல அது முன்னங்கால்கள் இரண்டையும் முன்னே நீட்டி, எடையைப் பின்னங்காலில் போட்டுச் சாய்ந்து நிற்கிறது என்றால், அது குளம்பழற்சிக் குதிரை நிற்கும் நிலை. குழுவுக்கு எழுதிக் கேளுங்கள்: எந்த மருத்துவர் பார்த்தார், முன்னங்குளம்புகளுக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்றா, எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது. கெடுவைக் காட்டிப் பதில் சொல்ல மறுத்தால் விட்டுவிடுங்கள். எலும்பு அதிகம் இறங்கவில்லை, மருத்துவர் இன்னார், தனி இடம் தயார், அடுத்த வருடத் தீனிக்கு வழி இது என்று பதில் வந்தால், தரகருக்குப் போகும் தொகையில் சேராமல் மாதச் சந்தாவாகக் கொடுங்கள். எலும்பு உள்ளங்குளம்பைத் துளைத்துவிட்டது என்று பதில் வந்தால், அந்தக் கொட்டடியிலேயே, இன்னொரு லாரியில் ஏற்றாமல் கடைசி ஊசி போட ஆகும் செலவு எவ்வளவு என்று கேட்டு அதை மட்டும் கொடுங்கள்.